கையுறையில் பச்சைப் பிறை

விக்குன்யாவிலிருந்து கடலுக்கு இறங்கும் சாலையில்
மூன்றரை மணிக்கு நின்றது என் மினிபஸ்.
பதினாறு இருக்கை, இருபத்திரண்டு பேர்,
ஒரு கூடை ஆட்டுப்பால் சீஸ்,
ஜன்னலுக்காக அடித்துக்கொள்ளும் இரட்டையர்.
முன்னால் மலை. மலைக்கு மேலே
ஒரு பக்கம் கடிபட்ட சூரியன்.

எலிசேயோவிடம் வெல்டிங் கண்ணாடி இருந்தது.
ஆளுக்குப் பத்து நொடி என்று சத்தமாக எண்ணினார்.
என் முறையில் ஆறிலேயே பிடுங்கிக்கொண்டார்.
டிரைவருக்குச் சாலை போதும் என்றார்.

அந்தச் சாலையின் நடுவில்
சூரியனுக்கு முதுகு காட்டி நின்றார் சார்ஜன்ட் வெனேகாஸ்,
பெயர் பிறகுதான் தெரிந்தது.
உலகமே அந்தப் பக்கம் பார்க்க
அவர் மட்டும் எங்களைப் பார்த்தார்,
எங்கள் பம்பர்களை, எங்கள் பொறுமையை,
ஓரத்தில் நாற்காலி போட்டுவிட்ட பிரேசில்காரர்களை.
ஒரு கை உயர்த்தியபடி. வெள்ளைக் கையுறை.

வெயில் மெலிந்துகொண்டிருந்தது.
கியர் கம்பியின் நிழலுக்குக்கூட முனை வந்திருந்தது.
நான் போனை எடுத்தேன்.

சூரியன் வரவில்லை.
வந்தது ஒரு வெள்ளைக் கொப்புளம்,
சட்டியில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி
ஓரமில்லாமல்,
கடிபட்ட தடமே இல்லாமல்.
கூடவே, கீழே ஒரு பச்சைப் பொட்டு.
அழுக்கு என்று ஸ்வெட்டர் கையால் துடைத்தேன்.
ஊதித் துடைத்தேன்.
போகவில்லை.
சூரியனைத் திரையில் இடமாக நகர்த்தினால் அது வலமாக ஓடியது,
மேலே ஏற்றினால் கீழே பதுங்கியது,
கடன் கொடுத்தவனைக் கண்ட ஆள் போல.
பின்சீட்டுப் பையன் பறக்கும் தட்டு என்றான்.
அவன் அக்கா, லென்ஸ் கோளாறு, அழித்துவிடுங்கள் என்றாள்.

அழிக்கத்தான் விரல் வைத்தேன்.
விரல் வழுக்கிப் படம் பெரிதானது.

பொட்டு அல்ல.
பிறை.
நகம் வெட்டிப் போட்ட துண்டளவு,
கூராக, சுத்தமாக, இரண்டு முனையும் தெரிய,
தலைகீழாக.
நேராகப் பார்த்த இடத்தில் லென்ஸுக்குக் கண் கூசிவிட்டது.
கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே
தடுக்கி விழுந்த கொஞ்ச வெளிச்சம்
நடந்ததை அப்படியே சொல்லிவிட்டது.
அதுவும் எங்கே விழுந்திருந்தது என்கிறீர்கள்?
நில் என்று தூக்கிய கையுறையின்
உள்ளங்கையில்.

சூரியனைக் கையால் மறைக்க முடியாது என்பார்கள்.
பிடிக்க முடியும் போலிருக்கிறது,
பார்க்காமலேயே.

கதவைத் திறந்து இறங்கினேன்.
வண்டிக்குள் போங்கள் அம்மா, என்றார்.
திரையை நீட்டினேன்.
இது உங்களுக்கு வந்த கிரகணம், என்றேன்.
படத்தைப் பார்த்தார். கையுறையைப் பார்த்தார்,
ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பி.
சிரிக்கவில்லை.
மகளுக்கு அனுப்ப முடியுமா, ரயேன் என்று பெயர், என்றார்.
எண்ணை இரண்டு தடவை சொன்னார்,
இரண்டாம் தடவை மெதுவாக.

பிறகு குளிர் வந்தது.
வரிசையில் நின்ற கார்களின் விளக்குகள்
யாரும் தொடாமல் ஒவ்வொன்றாக எரிந்தன.
இரண்டு நிமிடம் சொச்சம்.
அப்போது நான் எடுத்த பதினொரு படங்களில்
பத்தில் என் கட்டைவிரல், ஒன்றில் எலிசேயோவின் தொப்பி.
சார்ஜன்ட் திரும்பினாரா என்று கேட்காதீர்கள்.
நான் அவரைப் பார்க்கவில்லை.
விசில் மட்டும் கேட்கவில்லை, அவ்வளவு நேரமும்.

படம் போக மறுத்தது. பள்ளத்தாக்கே ஒரே நேரத்தில்
வானத்தை அனுப்பிக்கொண்டிருந்தால் எப்படிப் போகும்?
லா செரேனாவில் எல்லோரையும் இறக்கி,
சீஸ் கூடை மறந்தவரைத் தேடிப் பிடித்து,
டீசல் போட்டு, ஆறிப்போன எம்பனாடா ஒன்றை
நின்றபடியே தின்று முடித்தபோது
இரவு பதினொன்றரை.
அப்போதுதான் போனது.

உடனே பதில் வந்தது.
தூங்காத குழந்தை.

அப்பா கையில் என்ன, பச்சைப் பூச்சியா?
கடிக்குமா?